தேஜஸின் மூக்கு

ஜனவரி 5, 2025, ஞாயிறு

காலையில் சூலூர் வானில் நிஜத் தேஜஸ் இரண்டு வீட்டுக்கு மேலே போயின. மேஜையில் என் தேஜஸ், எழுபத்தாறு பிளாஸ்டிக் துண்டுகளாக. பிப்ரவரி 16, காந்திபுரத்தில் மாடல் கண்காட்சி. அதற்குள் முடித்து, எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் என்று அனீஸிடம் நீட்ட வேண்டும்.

2022 நவம்பர் 13. இதே கண்காட்சி. நாற்பது பேர் முன்னால் அனீஸ் என் மிராஜ் மாடலின் குழாய்க்குள் டார்ச் அடித்து, "ஒட்டுன கோடு ரோடாட்டம் தெரியுதுங்க" என்றார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர், அடுத்தவர் குறைதான் கண்ணில் படும். அவருடைய விமானமோ மூக்கைத் தூக்கி வாலில் உட்கார்ந்திருந்தது. "நாய் உக்காந்த மாதிரி இருக்குதே" என்றேன். அது பதிலுக்குச் சொன்னது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜனவரி 12

குழாய் மட்டும் ஐந்து துண்டு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வாய், ஒவ்வொன்றும் இரு பாதி. உள்ளே இரண்டும் ஒரே பின்குழாயில் சேர வேண்டும். இடது சேர்ந்தால் வலது விலகுகிறது. இதை வடிவமைத்தவன் என்ன படித்தான்?

ஜனவரி 14, பொங்கல்

இன்றும் உப்புத்தாளும் கையுமாக. மனைவி கயல்விழி வந்து நின்றாள். "ஏனுங்க, சாமிக்குப் படைச்சுப்போட்டேன். ஏரோபிளேனுக்கும் ஒரு இலை போடட்டுங்களா?"

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று.

ஜனவரி 26

பிடிபட்டது! குழாயை முழுதாக ஒட்டிவிட்டு உடம்புக்குள் நுழைக்கக் கூடாது. வாய்களை முதலில் உடம்பின் இரு பாதிகளோடு ஒட்டி, உள்ளே தேய்த்து, வெள்ளை அடித்து, பின்குழாயை நடுவில் வைத்து மூட வேண்டும். மூடினேன். டக்கென்று உட்கார்ந்தது. டார்ச் அடித்தால் புதுப் பீங்கான் கோப்பையின் உட்புறம் போல. கோடே இல்லை. கயல்விழியைச் சமையலறை வரை தேடிப்போய்க் காட்டினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வண்ணம் முடிந்தது. கடைசியாகச் சக்கரங்களை ஒட்டி மேஜையில் நிறுத்தினேன். மெதுவாக மூக்கைத் தூக்கி, வாலில் உட்கார்ந்தது.

மூக்கில் எடைக்கு ஈயம் வைக்கவில்லை. மூடுவதற்கு முன் வைக்க வேண்டியது. விளக்கத் தாளில் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. குழாய், குழாய்னு அலைஞ்சு — அறிவிருக்கா எனக்கு? ஒடச்சுத் தொறந்தா குழாயும் போச்சு. தொறக்கலைன்னா அனீஸ் முன்னாடி நாய்.

பிப்ரவரி 14

போன வருஷக் கண்காட்சியில் அனீஸ், அன்று வாலில் உட்கார்ந்த அதே விமானத்தை நேராக நிறுத்தியிருந்தார். உடைத்த தடயம் இல்லை. பார்த்தேன், கேட்கவில்லை.

மூன்று முறை போனை எடுத்து வைத்தேன். நான்காவது முறை பேசினேன். நடந்ததைச் சொன்னேன். சிரிப்பார் என்றுதான் நினைத்தேன்.

"அதைய ஒண்ணும் பண்ணிராதீங்க வெங்கடபதி. நாளைக்குக் காலைல வாரேன்."

பிப்ரவரி 15

தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளோடு வந்தார். முன்சக்கரக் குழியின் சுவரில், வெளியே தெரியாத இடத்தில் சின்னத் துளை போட்டார். நான் மூக்கைக் கீழே சாய்த்துப் பிடிக்க, ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். பதினேழாவது குண்டில் மூன்று சக்கரத்திலும் நின்றது. மேலே கொஞ்சம் பசை விட்டார்.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்றேன்.

"நீங்க நாய்னு சொன்னீங்கல்ல. ஊட்டுக்குப் போயி மூணு நாள் சோறு எறங்கலீங்க. அப்பக் கண்டுபுடிச்சது."

நவம்பர் 13 அவருக்கும் நவம்பர் 13தான். இத்தனை நாள் அது எனக்குத் தோன்றவே இல்லை.

டார்ச்சை எடுத்துக் கொடுத்தேன். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இரண்டு வாயிலும் வெகுநேரம் பார்த்தார்.

"கோடு எங்கீங்க?"

பிப்ரவரி 16

பரிசு யாருடைய ஹெலிகாப்டருக்கோ போனது. நானும் அனீஸும் டீக்கடையில் நின்று நடுவர்களை ஒரு மணி நேரம் திட்டினோம். அருமையான ஞாயிறு.

ஏப்ரல் 6

புது மாடல் பெட்டி. உடம்பின் இரு பாதிகளையும் சேர்க்கப் போனேன். பக்கத்தில் இருந்த அனீஸ் வாங்கி, மூக்கை விரலில் ஏந்தி ஈயத்தின் எடை பார்த்தார். அப்புறம்தான் பசையைத் தந்தார்.