அப்பாவின் பெயருக்கு ஒரு விளக்கம்

அன்புள்ள அப்பாவுக்கு,

கண் ஆபரேஷனுக்குப் பிறகு டிவி தெளிவாகத் தெரிகிறதா? அம்மா சொட்டு மருந்து விடுகிறாளா? நான் நன்றாக இருக்கிறேன். ஹாம்பர்க்கில் குளிர் இன்னும் விடவில்லை.

ஆபீஸில் ஒரு சின்ன விஷயம். விமான டிக்கெட் பதிவுக்கு நான் எழுதிய புரோகிராமை மேலதிகாரி மார்ட்டின் சரிபார்த்தார். "குடும்பப் பெயர் காலியாக இருந்தாலும் ஏன் ஏற்கிறாய்? குழப்பமாக இருக்கிறது. அந்த வரிக்கு மேலே ஒரு கமென்ட் எழுதி விளக்கு" என்றார்.

எழுதினேன். "சிலருக்குப் பெயர் ஒன்றுதான். என் அப்பா திருப்பதி. அதுதான் முழுப் பெயர்."

பாஸ்போர்ட் ஆபீஸில் நீங்கள் சொன்னது நினைவு வந்தது. "ஒரு பேருதாங்க. அதுக்கே காலையில இருந்து இங்கிட்டு நிக்கிறேன்." தனியாகச் சிரித்தேன்.

மார்ட்டின் படித்தார். "இப்போது நன்றாகப் புரிகிறது" என்றார். பிறகு, காலியாக விட்டாலும் ஏற்கும் அந்த புரோகிராம் வரியையே எடுத்துவிடச் சொன்னார். ஒற்றைப் பெயர்க்காரர்கள் அதையே இரண்டு முறை போடட்டுமாம்.

புரியாதவரிடம் இன்னும் விளக்கலாம். புரிந்தவரிடம் என்ன சொல்வது? வரியையும் விளக்கத்தையும் நானே அழித்தேன்.

மே மாதம் இங்கே வரும்போது நம் வீட்டுப் போர்வை ஒன்று கொண்டுவாருங்கள். துவைக்க வேண்டாம்.

மீட்டிங்குக்குக் கூப்பிடுகிறார்கள். திருச்சி ஏர்போர்ட்டில் "திருப்பதி திருப்பதி" என்று அழைத்தால் அது நீங்கள்தான். எழுந்து போங்கள் அப்பா.

உங்கள் மகள்,
தி. கார்த்திகா