மண் குவளையில் காப்பி

தாண்டிக்குடி
3.12.2023

என் அன்பு வித்யாவுக்கு,

நலமாக ஊர் வந்து சேர்ந்தோம். ரயிலில் வழி நெடுக ஸ்னேகா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே வந்தாள். மேற்படிப்புக்காகக் கொல்கத்தாவில் நடந்த நேர்முகத் தேர்வை நன்றாகத்தான் செய்தாளாம். அப்புறம் என்னடி என்றால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பெற்ற பெண்ணாக இருந்தாலும் அந்த வயசில் அதற்கு மேல் கேட்க முடிவதில்லை.

இத்தனை வருஷம் கழித்து உன்னைப் பார்த்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். கொஞ்சம் பூசினாற்போல் ஆகியிருக்கிறாய், நன்றாக இருக்கிறது. படியிறங்கும்போது ஒன்று கேட்டாயே, உங்கள் குடியிருப்புப் பெண்கள் ஜனவரியில் அட்டா என்று கூடும் அரட்டையில் காப்பியைப் பற்றிப் பேசச் சொல்கிறார்கள் என்று. தமிழச்சி என்றால் காப்பி தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைப்பு. நீயோ பவானிபூரில் பிறந்து டீயில் வளர்ந்தவள். அங்கே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தபோது உனக்கு 'ழ' எழுதச் சொல்லிக்கொடுத்தவள் நான், இதையும் நானே சொல்லித் தொலைக்கிறேன். ஒரே நிபந்தனை, பதிலைப் போனில் தட்டாதே. கையால் எழுது. இந்த மலையில் சிக்னலும் நினைத்தால்தான் வரும்.

காப்பிக்குப் பிறந்த வீடு எத்தியோப்பியா. ஏதோ ஒரு சிவப்புப் பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளிக் குதித்ததைப் பார்த்து மேய்க்கிறவன் கண்டுபிடித்தான் என்று கதை. அங்கிருந்து ஏமன். இரவு முழுக்க இறைவனை நினைத்து விழித்திருக்க சூஃபிகள் அதைக் காய்ச்சிக் குடித்தார்களாம். முளைக்கிற விதையை மட்டும் அரபு நாட்டார் வெளியே விடமாட்டார்கள். ஹஜ் போய்த் திரும்பிய பாபா புதன் என்ற பெரியவர் ஏழு விதைகளை மடியில் மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர்ப் பக்கத்து மலையில் ஊன்றினார் என்பார்கள். அதன் வம்சம்தான் எங்கள் தோட்டம் வரைக்கும் வந்திருக்கிறது. இப்போது இங்கே பழம் பறிப்பு. நான் பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வந்ததும் கூடையைக் கட்டிக்கொள்கிறேன். என் வீட்டுக்காரருக்கு முதுகை நிமிர்த்த நேரமில்லை.

உன் மாமியார் எனக்குக் காப்பி கொடுத்த மண் குவளையைக் கழுவி, துணியில் சுற்றிக் கொண்டுவந்துவிட்டேன். சமையலறை ஜன்னலில் இருக்கிறது. ஸ்னேகா தன்னுடையதை உங்கள் வாசலிலேயே போட்டு உடைத்துவிட்டாள்.

மாமிக்கு என் வணக்கம்.

உன்
லதா


பவானிபூர்
18.12.2023

அன்பு லதா,

உன் கடிதம் கிடைத்தது. என் கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே, பேனா பிடித்தே பல காலம் ஆகிறது. இங்கே நல்ல குளிர். என் வீட்டுக்காரர் ஜெய்ராம் ஆபீஸுக்கு மஃப்ளர் சுற்றிக்கொண்டு போகிறார். பிள்ளை ஷ்யாம் இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் மூன்றாவது வங்காளமாகிவிடுகிறது. உன் ஸ்னேகாவோடு இரண்டு நாள் இருந்தால் திருந்துவான்.

நீ கொண்டுவந்த காப்பிப் பொடி தீர்ந்துவிட்டது. மாமியாருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "பொடி பேஷா இருக்கு, இன்னும் கெடைக்குமாடி?" என்று கேட்கிறார்.

குவளையைப் பற்றி எழுதியிருந்தாய். அதையா அவ்வளவு தூரம் சுமந்துகொண்டு போனாய்? தெருமுனை டீக்கடையில் அடுக்கடுக்காக வாங்குவது அது. குடித்ததும் போடுவதுதான் இங்கே வழக்கம். நீயும் போட்டுவிடு லதா.

வீட்டில் காப்பி போடுவது எப்படி என்று விவரமாக எழுது. எங்கள் வீட்டு பில்டரை மாமியார் என் கையில் விடுவதில்லை, அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது. காப்பியின் நன்மைகளையும் எழுது. நாலு பேர் நடுவில் என் மானத்தைக் காப்பாற்று.

உன்
வித்யா


தாண்டிக்குடி
2.1.2024

அன்புள்ள வித்யா,

புது வருஷ வாழ்த்துகள். மூன்று இடத்தில் உன் 'ழ' இன்னும் நொண்டுகிறது. போகட்டும்.

பில்டரின் மேல் பாத்திரத்தை நன்றாகத் துடைத்துவிடு. ஈரம் இருந்தால் பொடி அடைத்துக்கொள்ளும். ஆளுக்கு ஒன்றரை ஸ்பூன் பொடி போட்டுச் சமமாகத் தட்டு. அழுத்தாதே. அழுத்தினால் தண்ணீர் இறங்காது, நீ அதன் தலையில் தட்டிக்கொண்டே நிற்பாய். தண்ணீர் கொதித்ததும் சற்று ஆறவிட்டு, முதலில் பொடி நனையும் அளவுக்கு மட்டும் ஊற்று. பொடி உப்பி அடங்கியதும் மீதியை ஊற்றி மூடிவிட்டு வேறு வேலையைப் பார். டிகாக்‌ஷன் தானாகச் சொட்டும். அதை நேராக அடுப்பில் வைத்துச் சுடவைக்காதே, கசந்துவிடும். கொதிக்க வேண்டியது பால்தான். சிக்கரி என்பது காப்பியே இல்லை, வேறொரு செடியின் வறுத்த வேர். நிறத்துக்கும் கெட்டிக்கும் போடுவது. என் பொடியில் அது கிடையாது.

நன்மை என்றால், தூக்கம் கலையும், மூளை சுறுசுறுப்பாகும், சிலருக்குத் தலைவலி விடும். அளவோடு குடித்தால் கல்லீரலுக்கும் நல்லது என்று ஆராய்ச்சி சொல்கிறதாம். வெறும் வயிற்றில் குடித்தால் சிலருக்கு எரியும். பொழுது சாய்ந்து குடித்தால் ராத்திரி கோட்டான் மாதிரி விழித்திருக்க வேண்டியதுதான். சர்வரோக நிவாரணி என்று அளந்துவிடாதே.

நேற்று அந்த மண் குவளையில் காப்பி ஊற்றிப் பார்த்தேன். டீக்கு ஒத்துப்போகலாம். காப்பியின் மணத்தை மண் அமுக்கிவிடுகிறது.

ஸ்னேகா கடைசியில் வாயைத் திறந்தாள். "அவங்க எல்லாரும் எவர்சில்வர் டம்ளர்ல குடிச்சாங்க. நமக்கு மட்டும் ஏம்மா மண்ணு?" என்றாள். கொல்கத்தாவில் விருந்தாளிக்கு அப்படித்தான் கொடுப்பார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். நான் சொன்னது சரிதானே வித்யா? நீ எழுதினால் அவளிடம் காட்டுவேன்.

உன்
லதா


பவானிபூர்
22.1.2024

லதா,

நீ கேட்டது ஒரு வரிக் கேள்வி. பதில் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். சரி என்று எழுதிவிடலாம் என்றுகூட ஒரு நாள் பேனாவை எடுத்தேன்.

சனிக்கிழமை அட்டா நடந்தது. நீ எழுதியதை எல்லாம் அப்படியே ஒப்பித்தேன். ஆடு மேய்த்தவன், ஏழு விதை, பொடியை அழுத்தக் கூடாது, எல்லாம். கேட்டவர்கள் சொக்கிப் போனார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாசலுக்கு யார் வந்தாலும் காப்பி கொடுப்பதுதான் எங்கள் மரியாதை என்று கடைசியில் நானாக ஒன்றைச் சேர்த்தேன். மேல் மாடி மிதாலிதி அண்ணி முறை வைத்துக் கள்ளமில்லாமல் கேட்டாள். "பௌதி, உங்க வீட்ல நீங்க டம்ளர்ல குடிக்கிறீங்க. நாங்க வந்தா மட்டும் மண் குவளை வருதே, அது எந்த நாட்டு வழக்கம்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சுத்தத்துக்காக என்றேன். முகம் எரிந்தது. அவர்கள் நடுவில் உட்கார்ந்திருந்தேன், ஆனால் நீயும் ஸ்னேகாவும் எங்கள் சோபா நுனியில் அந்தக் குவளைகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் கண்ணில் நின்றது.

விருந்தாளிக்கான வழக்கம் இல்லை லதா. பாத்திர அலமாரியின் கீழ்த் தட்டில் மாமியார் ஒரு அடுக்கு மண் குவளை வைத்திருக்கிறார். குழாய் ரிப்பேர்க்காரருக்கும், காஸ் கொண்டுவருகிறவருக்கும், மிதாலிதிக்கும் அதில்தான். கேட்டால் "மீன் திங்கறவா" என்பார். இந்த ஊரே மீன் தின்கிறது, அதனால் ஊருக்கே மண் குவளை. நானும் அதையே காரணம் என்று வைத்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். ஆனால் என் ஷ்யாம் வெளியில் இலிஷ் மீனை முள் எடுத்துத் தின்கிறான். அது அவருக்கும் தெரியும். அவனுக்குப் பூணூலுக்கு வந்த வெள்ளி டம்ளரில் காப்பி. ஆகவே காரணம் மீன் இல்லை.

அன்றைக்கு மாமியார் உன்னிடம் "அப்பாக்கு எங்க உத்தியோகம்?" என்று கேட்டார். கார்டன் ரீச் ரயில்வே ஆபீஸில் துப்புரவு வேலை, அதில்தான் என்னைப் படிக்க வைத்தார் என்று நீ நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாய். "அப்படியா, பேஷ்" என்று உள்ளே போனார். கீழ்த் தட்டின் கதவு திறந்த சத்தம் கேட்டது. என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். எழுந்து போயிருக்கலாம். உட்கார்ந்திருந்தேன்.

காரணம் ஜாதிதான். எழுதவே கை கூசுகிறது. அந்தக் காப்பியே உன் பொடியில் போட்டது. நீ பறித்து, காயவைத்து, வறுத்து, அரைத்துக் கொண்டுவந்தது எங்கள் பில்டருக்குள் போகலாம். உன் வாய் எங்கள் டம்ளரில் படக் கூடாது. இதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது லதா. குவளையைப் போட்டுவிடு என்று போன கடிதத்தில் எழுதினேனே, அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஸ்னேகாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

வித்யா


தாண்டிக்குடி
5.2.2024

வித்யா,

எனக்குத் தெரியும். குவளையைக் கையில் வாங்கும்போதே தெரியும். துப்புரவு வேலை பார்த்த சிவலிங்கத்தின் மகளுக்கு இது தெரியாமல் இருக்குமா? நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் அந்தக் குவளையைப் பற்றி எழுதினேன். நீ போட்டுவிடு என்றாய். அப்புறம்தான் ஸ்னேகா பேரைச் சொல்லிக் கேட்டேன்.

உன் மாமியார் மேல் எனக்குப் பெரிய கோபம் இல்லை. அவரை எனக்குத் தெரியாது, உன்னைத் தெரியும். நீ உன் டம்ளரிலிருந்து டபராவில் ஊற்றி ஆற்றிக்கொண்டே "சர்க்கரை போதுமா லதா?" என்று கேட்டாய். போதும் என்றேன். அதுவரைக்கும் காப்பி கசக்கவில்லை.

உன் கடிதத்தை ஸ்னேகா படித்தாள். "லேட்" என்றாள். அவளுக்கு அங்கே காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் ஹாஸ்டலில் சேர வேண்டும். புது ஊர், அவசரத்துக்கு ஒரு வீடு வேண்டும். உன் விலாசத்தை அவளிடம் கொடுப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. நீயே சொல்.

இதோடு வரும் பார்சலில் அரைக் கிலோ பொடி இருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வை. அந்தக் குவளையும் இருக்கிறது. அது உங்கள் வீட்டுப் பாத்திரம்.

லதா


பவானிபூர்
20.2.2024

அன்பு லதா,

பார்சல் வந்தது. குவளை உடையவில்லை.

மறுநாள் காலை பில்டரை நான் எடுத்தேன். மாமியார் பார்த்துக்கொண்டே இருந்தார். நீ எழுதியபடி செய்தேன், பொடியை அழுத்தவில்லை. டிகாக்‌ஷன் நன்றாக இறங்கியது. அவருக்கும் ஜெய்ராமுக்கும் டம்ளரில் ஊற்றினேன். பார்சலில் வந்த உன் குவளையை எடுத்துக் கழுவினேன்.

"அது யாருக்கு?" என்றார்.

"எனக்கு" என்றேன்.

"அதுல அவ குடிச்சிருக்காடி."

"ஆமாம்மா" என்று அவர் எதிரிலேயே குடித்தேன். ஜெய்ராம் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். நீ சொன்னது உண்மைதான், மண் மணம் அமுக்கிவிடுகிறது.

மாமியார் சத்தம் போடவில்லை. மத்தியானம் அலமாரியைத் திறந்தால் என் டம்ளர் மற்றவற்றோடு இல்லை. குழாயடி மேடையில் தனியாகக் கவிழ்த்து வைத்திருந்தார். என் தட்டும் அதன் பக்கத்தில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் புழங்கும் சமையலறை. அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. இந்த வலியை விழுங்கிக்கொண்டு நீ சர்க்கரை போதும் என்று சொல்லியிருக்கிறாய். நான் அதை நம்பி அடுத்த பேச்சுக்குப் போயிருக்கிறேன்.

அந்தக் குவளையில்தான் தினமும் குடிக்கிறேன். இதனால் நான் செய்தது சரியாகிவிடாது என்று தெரியும்.

ஸ்னேகாவுக்கு விலாசத்தைக் கொடு என்று எழுத எனக்கு எவ்வளவு ஆசை. ஆனால் இப்போது கொடுக்காதே. இந்த வீட்டு அலமாரியில் அவளுக்கு டம்ளர் எடுத்து வைத்துவிட்டு நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் என் போன் நம்பரை மட்டும் கொடு. அவள் கூப்பிட்டால் எந்த நேரமானாலும் நான் ஹாஸ்டலுக்குப் போகிறேன். அவள் எதில் கொடுத்தாலும் குடிக்கிறேன்.

உன்
வித்யா