பின்பக்கக் குழாய்த் தண்ணீர்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இந்தத் தாளை யாருக்கும் காட்டாதே, உன் அறையில் கூட இருப்பவர்களுக்கும் வேண்டாம், படித்ததும் கிழித்துவிடு, கெஞ்சிக் கேட்கிறேன். உன் இருமல் விட்டு நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அம்மா தன் கடிதத்தில் எழுதியிருக்கிறாள், அது உண்மை இல்லை. உறையை ஒட்டுவது என் வேலை என்பதால் அதற்குள் இதை மடித்து வைக்கிறேன். போனில் சொல்ல முடியாது, அது கூடத்தில் இருக்கிறது, அம்மா காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பாள்.

உன் கடல்மீன் தொட்டி பச்சையாகிவிட்டது அண்ணா. முதலில் கண்ணாடியில் லேசாகப் படிந்தது, பிறகு பாறையெல்லாம் முடி முளைத்த மாதிரி பாசி, இப்போது தண்ணீரே கீரை கழுவிய தண்ணீர் போல இருக்கிறது, உள்ளே கை விட்டால் விரல் தெரியவில்லை. இறால் செத்துவிட்டது. நீ முதலாளி என்று பெயர் வைத்த பெரிய ஆரஞ்சு மீன் காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, யாரையும் அதட்டுவதில்லை. மீன் கடைக்காரர் நேற்று மறுபடி சொன்னபடி தொட்டியைக் கறுப்புப் போர்வையால் மூடி, விளக்கை அணைத்து, தீனியைப் பாதியாக்கியிருக்கிறோம், இன்று இரண்டாம் நாள்.

காரணம் நான்தான். ஆவியாகிக் குறைகிற அளவுக்குச் சுத்திகரித்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று தொட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டுப் போனாய். சனிக்கிழமை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய்க் கேனில் பிடித்து வருவது நான், ஊற்றுவது அப்பா. அந்த நிலையத்துக்கு எதிர் வீட்டில் என் வகுப்புப் பெண் ஒருத்தி இருக்கிறாள், சைக்கிளில் கேனோடு போனாலே மாடியிலிருந்து, “ஏய், தண்ணி லாரி வந்துடுச்சு, குடம் எடுத்துட்டு வாங்கடி” என்று கத்துவாள். அதற்குப் பயந்து நான்கு சனிக்கிழமை நம் பின்பக்கக் குழாயிலேயே பிடித்து வைத்துவிட்டேன். தண்ணீர்தானே என்று நினைத்தேன். அப்பாவுக்குத் தெரியாது, ஊற்றினார்.

இரண்டு வாரத்துக்கு முன் முதல் தடவை நாங்கள் கடைக்குப் போனபோது கடைக்காரர் அப்பாவிடம், “குழாத் தண்ணி எதாவது ஊத்திட்டீங்களா சார்? அதுலதான் பாசி இப்படி வளரும்” என்று கேட்டார். அப்பா, “இல்லையே” என்றார், கொஞ்ச நேரம் கழித்து, “ஊத்தினேனா பாப்பா?” என்று என்னைப் பார்த்தார். நான் அந்தக் கடை மீன்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன மாதம் அப்பா இரண்டு தடவை பள்ளிக்கூட வேன் சாவியைத் தொலைத்தார், அதோடு இதையும் சேர்த்துக்கொண்டு தனக்கு மறதி நோய் வந்துவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார். ராத்திரி அம்மாவிடம், “மீனுக்கு என்ன தண்ணி ஊத்தினோம்னே நெனப்பில்லாதவன், இருவது புள்ளைங்கள ஏத்திக்கிட்டு எப்படி வேன் ஓட்டுறது? மாசக் கடைசில சாவியக் குடுத்துடுறேன்” என்றார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அவரை ஹாரன் மாமா என்று கூப்பிட்டால் எப்படிச் சிரிப்பார், உனக்குத் தெரியுமே. இப்போது திருப்பத்துக்குத் திருப்பம் வண்டியை நிறுத்தி யோசிக்கிறாராம்.

அப்போதே சொல்லியிருக்கலாமே என்று திட்டுவாய். முதலில் அடி விழும் என்றுதான் பயந்தேன். இப்போது அந்தப் பயம் இல்லை. இரண்டு வாரமாக அப்பா தன்னையே நம்பாமல், அடுப்பை அணைத்தோமா என்று மூன்று தடவை தொட்டுப் பார்க்கிறார், அதை நான் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தேன், அது தெரிந்தால் என்னை எப்படிப் பார்ப்பாரோ. மாதம் முடிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டு, தொட்டித் தண்ணீரில் கலக்க நீ வாங்கி வைத்த கடல் உப்பு பழசாகிவிட்டது, பாசி அதனால்தான், தப்பு உன்னுடையது என்று சொல்லிவிடேன். நீ சொன்னால் நம்புவார். குளிர் காற்றில் அலையாதே, நேரத்துக்குச் சாப்பிடு, முதலாளிக்காகவும் வேண்டிக்கொள்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா. “பாப்பா, முழிச்சிருக்கியா? அந்தக் கேன நான் ரொப்பினேனா, நீ ரொப்பினியா? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், தூக்கமே வரலம்மா” என்கிறார். மறுபடியும் தட்டுகிறார். அண்ணா, உப்பு என்று சொல்ல வேண்டாம், நானே