அடித்தது யார் என்று கேட்டார் டாக்டர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், உன் அப்பாவும் நெற்றியில் ஐந்து தையலோடு நலம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வேண்டும். வழுக்கி விழுந்ததாக உன்னிடம் போனில் புளுகியிருக்கிறார். நான்தான் அடித்தேன், குக்கர் மூடியால்.

மார்பில் வந்த புற்றுநோய்ச் சனியன் மூளைக்கு ஏறிய பிறகு, புது ஆன்டிபாடி மருந்தைச் சோதிக்கும் குழுவில் என்னைச் சேர்த்தார்களே, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள், உடம்பு எப்படி என்று வீட்டில் தினமும் ஒரு நோட்டில் எழுத வேண்டும். இந்த மருந்து நுரையீரலைக் கெடுக்கலாம், இருமல் வந்தால் மறைக்காதீங்க என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கு இருமல் வந்து பன்னிரண்டு நாள். சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களே, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு இருமினேன், நோட்டில் ‘ஒன்றுமில்லை’ என்றே எழுதினேன். உன் அப்பா, அந்த வாயில்லாப் பூச்சி, நான் இருமிய நாளையெல்லாம் காலண்டரில் சுழித்து வைத்து, தாளைக் கிழித்துக் கொண்டுபோய் நர்ஸ் கையில் கொடுத்துவிட்டார்.

வீடு வந்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. பீங்கான் தட்டுகளையெல்லாம் சுவரில் அடித்து நொறுக்கினேன், என்னைக் கொல்லத்தானே பாக்குறே என்று கத்திக்கொண்டே மூடியை ஓங்கி இறக்கினேன். சட்டையெல்லாம் ரத்தம். மனுஷன் தடுக்கக்கூட இல்லை, அடி, ஆனா இருமலை மட்டும் மறைக்காதே என்றார். இன்னொன்றும் போட்டேன்டி, தோளில்.

மறுநாள் டாக்டர் தையலைப் பார்த்து, நடந்ததைத் துருவிக் கேட்டுவிட்டு, அடிச்சது நீங்களா, தலைக்குள்ள இருக்கிற கட்டியா என்று கேட்டார். கட்டி வளர்ந்தால் ஆள் இப்படி மூர்க்கமாகிவிடுவதுண்டாம். உன் அப்பா முந்திக்கொண்டு, கட்டிதான் டாக்டர், இவ ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்க மாட்டா என்றார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக எத்தனை பேர் சட்டையைப் பிடித்தவள் நான், பத்தாவதில் நீ வாங்கிய அறையும் உனக்கு மறந்திருக்காது. நான்தான் அடிச்சேன் என்றேன். டாக்டர் நம்பாமல் தலைக்கும் நெஞ்சுக்கும் ஸ்கேன் எடுத்தார்.

நுரையீரலில் வீக்கம் தொடங்கியிருக்கிறது, இன்னொரு முறை ஏற்றியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். அது அடங்கும்வரை மருந்து கிடையாது, அடங்கினாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்கிறார். தலையில் மூன்று கட்டியும் பாதியாகச் சுருங்கிவிட்டன. நல்ல செய்தி, சந்தோஷப்படு. ஆனால் அடித்தது கட்டி இல்லை என்று உன் அப்பாவுக்குத் தெரிந்துபோயிற்று. அன்றைக்கு அவரே சமைத்தார், எனக்குப் போட்டுவிட்டு, தன் தட்டை எடுத்துக்கொண்டு என் கைக்கு எட்டாத இடத்தில் போய் உட்கார்ந்தார்.

நீ மார்பைப் பரிசோதித்துக்கொள், தள்ளிப் போடாதே. உனக்கும் என் கைதான். கோபம் வந்தால் கையில் இருப்பதை முதலில் கீழே வை. நூறு வயசு நன்றாக இரு.

இப்படிக்கு,
அடித்தவள்,
உன் அம்மா