பிரம்மச்சாரி மரத்தில் ஒரு கிளை

அன்பிற்குரிய துணைவிக்கு,

நான் நலம். மருத்துவர் சொன்னபடி, பிரசவம் நெருங்கும் இந்நாட்களில் மகள் எழுந்து நடமாடாமல் படுத்தே இருக்கிறாள் என்று மாப்பிள்ளை இன்று காலை தெரிவித்தார். அதைக் கேட்ட பிறகே எனக்கு மூச்சு வந்தது.

நேற்றுத் தொலைபேசியில், "மரத்துக்குப் பிரசவம் பாருங்க, போங்க! நான் பெத்தவளை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிட்டாய். நான் சொல்ல வந்தது பாதியில் நின்றது. கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது என்ற துணிவில் எழுதுகிறேன்.

எங்கள் தாவரவியல் தோட்டத்துப் 'பிரம்மச்சாரி'யை நீ பார்த்திருக்கிறாய். கண்ணாடி வீட்டின் பின்புறம் நிற்கும், ஆண் பூ மட்டுமே பூக்கும் மரம். அது பிறந்த மலை தீப்பற்றி எரிந்த பிறகு அங்கு அந்த இனத்தில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எஞ்சியவை எங்களிடம் ஒன்று, கடல் கடந்த ஒரு தோட்டத்தில் ஒன்று. அதுவும் ஆண். கிளையை வெட்டி நட்டால் வேர் பிடிக்கும். ஆனால் வளர்வதும் ஆணாகத்தான் இருக்கும். எவ்வளவு பசுமையாக நின்றாலும் அதன் வம்சம் அதோடு சரி என்று எண்ணியிருந்தோம்.

சென்ற வாரக் காற்றில் ஒடிந்த உச்சிக்கிளையை இறக்கினார்கள். வெட்டிய எதையும் சோதிக்காமல் குப்பைக்கு அனுப்பக் கூடாது என்பது நான் இட்ட விதி. அதைச் சொல்லி என் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள் என்பதும் அறிவேன். உருப்பெருக்கியை வைத்துப் பூவைப் பார்த்தேன். மகரந்தத் தாள்களைக் காணோம். நடுவில் மிளகளவில், பச்சையாக, சூலகம்! பெண் பூ! முழங்கால் வலியை மறந்து ஏணியில் நானே ஏறினேன். ஒடியாமல் எஞ்சிய பகுதியிலும் கொத்துக் கொத்தாகப் பெண் மொட்டுகள். ஆண் மரத்தில் ஒரு கிளை மட்டும் இப்படி மாறுவது மிக அபூர்வம்; நூலில் படித்ததோடு சரி. பலகையில் 'ஆண்' என்று எழுதியிருந்ததால் இத்தனை ஆண்டுகளாக எவரும் அண்ணாந்து பார்க்கவில்லை! "பிரம்மச்சாரிக்குக் கல்யாணம்" என்று தோட்டமெங்கும் ஒரே அமளி.

மாப்பிள்ளை ஒருமுறை, "மாமா, பூங்காவுலயும் பெஞ்ச் இருக்கு, உங்க தோட்டத்துலயும் பெஞ்ச் இருக்கு. அப்புறம் என்ன வித்தியாசம்?" என்று கேட்டாரே, நினைவிருக்கிறதா? என் விடை முடிவதற்குள் அவர் உறங்கிவிட்டார். இப்போது சுருக்கமாகவே சொல்லலாம். பூங்காவில் மரம் அழகுக்கு நிற்கிறது. தாவரவியல் தோட்டத்தில் அது தன் வரலாற்றோடு நிற்கிறது: இன்ன இனம், இன்ன மலையின் இன்ன சரிவிலிருந்து வந்தது என்று. ஆராய வருபவருக்கு அது நூலகம். காட்டில் இடம் இழந்த செடிக்கோ அடைக்கலம். காடு மீண்டும் தயாராகும் நாளில் திருப்பிக் கொடுப்பதற்காகவே காத்து வைத்திருக்கிறோம்.

அந்த வரலாறு இருந்ததால்தான், கடல் கடந்த மரம் அதே மலையின் மறுசரிவிலிருந்து வந்தது, எங்களுடையதற்கு நெருங்கிய உறவல்ல என்று தெரிந்தது. சொந்த மகரந்தத்தில் விளையும் விதை நோஞ்சானாகலாம் என்பதால் அவர்களிடம் கேட்டோம். உறைய வைத்துச் சேமித்திருந்த மகரந்தத்தை உடனே குளிர்ப்பெட்டியில் அனுப்பிவிட்டார்கள். தன்னிடம் உள்ளதைப் பிறரிடமும் கொடுத்து வைப்பது தோட்டங்களுக்குள் வழக்கம். ஓரிடத்தில் அழிந்தாலும் இன்னோரிடத்தில் உயிரோடு இருக்கும்.

இன்று காலை மொட்டுகள் விரிந்தன! சொந்த மகரந்தம் படாதிருக்க மூடியிருந்த துணிப்பைகளை அவிழ்த்து, வந்த மகரந்தத்தைத் தூரிகையால் ஒவ்வொரு பூவிலும் தடவி, பைகளை மீண்டும் கட்டினேன். நம் மகளை முதன்முதலில் என் கையில் கொடுத்தபோது அவள் விரல்களை எண்ணினேனே, அதுபோல ஒவ்வொரு பூவையும் எண்ணிக் குறித்துக்கொண்டேன்.

காய் பிடித்ததா என்று தெரியச் சில வாரங்கள் ஆகும். அதுவரை பைகளைத் திறந்து பார்க்கும் அதிகாரம் காப்பாளராகிய எனக்கு மட்டுமே. அதுவும் நான் எழுதிய விதிதான். ஆகவேதான் உன்னிடம் வர இயலாது என்றேன். இதையே உதவிக் காப்பாளர் அம்மையாரிடமும் விளக்கினேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "சார், நீங்க கீழ நின்னா காய் சீக்கிரம் பிடிக்குமா?" என்றார். பிடிக்காது என்று ஒப்புக்கொண்டேன்.

"எனக்குப் பிரசவமானப்ப எங்கப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுல நின்னாரு. அவரால ஒரு பிரயோஜனமும் இல்ல. டீ வாங்கப் போயி, திரும்பி வர வழி தெரியாம சுத்தினாரு. ஆனா அவர் வெளிய இருக்காருன்னு எனக்குத் தெரியும் சார். உங்க மரத்துக்கு அதெல்லாம் தெரியுமா?"

விதி ஏட்டை எடுத்துத் திறந்தேன். காப்பாளர் ஊரில் இல்லாதபோது உதவிக் காப்பாளர் திறக்கலாம் என்று ஒரு வரி சேர்த்துக் கையொப்பமிட்டு, ஏணிக் கொட்டகைச் சாவியை அவரிடம் கொடுத்தேன். "அப்பாடா!" என்றார். கொடுத்து வைப்பதுதான் எங்கள் தொழில் என்று மேலே நானே எழுதியிருக்கிறேன். என் கையிலுள்ள சாவி என்று வந்தபோதுதான் மறந்துவிட்டேன்.

இக்கடிதம் விரைவுத் தபாலில் வரும். மறுநாள் நான் வருவேன். எனக்கு ஒரே ஓர் உதவி செய். நீ என்னைத் திட்டப்போவது உறுதி. அதை வாசலிலேயே வைத்துக்கொள்; அவள் படுத்திருக்கும் அறைக்குக் கேட்கும்படி சற்று உரக்கத் திட்டு. அப்பா வந்துவிட்டார் என்று அவளுக்குத் தெரியட்டும்.

தாயும் சேயும் நலமாக இரு உயிராகப் பிரிய வேண்டும் என்ற வேண்டுதலோடு,

உன் கணவன்