உள்பக்கத் தாழ்ப்பாள்

நவ. 13, வியாழன்

குன்னூரில் காலையிலிருந்தே மூடுபனி. லென்ஸைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டை ஈரம். பூட்டிக்கிடக்கும் மனநல ஆஸ்பத்திரியை விற்கப்போகிறார்கள்; ரிசார்ட் வருகிறதாம். ஞாயிறு பேப்பருக்குப் படங்கள். ஆசிரியர் தலைப்பே வைத்துவிட்டார்: 'பேய் ஆஸ்பத்திரி'. சண்டை போட்டேன். தோற்றேன்.

வாட்ச்மேன் மணியன் கேட்டைத் திறக்கவில்லை. "ஏனுங்க, உள்ள கரடி இருக்குதுங்க. அப்புறம் என்னையச் சொல்லக்கூடாது." பொய். என் கண்ணைப் பார்க்கவில்லை.

தேயிலைக்குள் புகுந்து பின்பக்கமாகப் போனேன். கொழுந்து பறிக்கும் பெண்கள்: "இந்தா, இன்னொரு பேய் புடிக்கிறவரு!" "இவரப் பாத்தாப் பேயே ஓடிரும்டி." சிரிப்பு. ஒருத்தி மட்டும் சிரிக்காமல் கேமராவையே பார்த்தாள்.

பெண்கள் வார்டு. துருப்பிடித்த கட்டில்கள், பெயர்ந்த சுண்ணாம்பு, காட்டெருமைச் சாணி. எல்லா அறைக்கும் தாழ்ப்பாள் வெளியே. கடைசி அறைக்கு மட்டும் உள்ளே. புதுசு, திருகாணி பளபள. ஒரே ஒரு படம். அதற்குள் மணியன் கம்போடு வந்துவிட்டான்.

சாயங்காலம் ஆசிரியருக்கு ஐந்து படம் அனுப்பினேன். தாழ்ப்பாளையும் சேர்த்து.

நவ. 14, வெள்ளி

தூறல். இருமல். மறுபடி போனேன். கடைசி அறை உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன்.

"தள்ளி நில்லு. அப்பத்தான் தொறப்பேன்."

நேற்று சிரிக்காதவள். பெயர் லீலா. அறுபது இருக்கும். இங்கேயே நோயாளியாக இருந்தவள். ஆஸ்பத்திரியை மூடியபோது அண்ணன் கையெழுத்துப் போட்டுக் கூட்டிப்போய், மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் உட்காரவைத்துவிட்டு நழுவிவிட்டான். திரும்பி வந்துவிட்டாள். கொழுந்து பறித்துப் பிழைக்கிறாள். தோட்டத்து லைன் வீட்டுக்காரர்கள் யாரும் வெளியே வாய் திறப்பதில்லை.

எழுதினால் உங்களுக்கு நல்லது நடக்கலாம் என்றேன்.

"எங்கண்ணனும் இப்படித்தான் பதவிசாப் பேசுவான். நீ எழுதுனா வண்டி வரும். ஏத்திட்டுப் போயி வெளிய தாப்பா போடுவானுக. போ."

முகத்துக்கு நேரே சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம்.

நவ. 15, சனி

மழை. கரண்ட் இல்லை. ஆசிரியருக்குப் போன்: "அந்தத் தாழ்ப்பாள் படம் மட்டும் வேண்டாம்."

அவர்: "ஏன், உள்ள யாராச்சும் இருக்காங்களா?"

தலை நரைத்தும் புத்தியில்லை. ஃபோகஸ் சரியில்லை என்று சொல்லியிருந்தால் தூக்கிப் போட்டிருப்பார். ஒருவன் எதைப் போடாதே என்கிறானோ அதுதான் செய்தி. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தவனே நான்.

"அப்ப முதல் பக்கம்" என்று வைத்துவிட்டார். அப்புறம் எடுக்கவேயில்லை.

நனைந்துகொண்டு போய் மணியனிடம் சொன்னேன். கேட்டுக்கு அந்தப்பக்கம் நின்றே கேட்டான். துப்பினான்.

நவ. 16, ஞாயிறு

வெயில். முதல் பக்கத்தில் தாழ்ப்பாள். 'பேய் அல்ல, ஆள்!' டீக்கடையில் ஒருவர்: "அடேங்கப்பா, பைத்தியம் தனியாக் குடியிருக்குதாமா!" டீயை வைத்துவிட்டு எழுந்தேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வேன். கேட் திறந்து கிடந்தது. உள்ளே நாலைந்து பேர் அறை அறையாகத் தேடிக்கொண்டிருந்தார்கள். கொழுந்துப் பெண்கள் இன்று கிண்டல் செய்யவில்லை. நிமிரவே இல்லை.

மணியன்: "நேத்தே போயிட்டாங்க. எங்கன்னு கேக்காதீங்க. சொன்னா அதையும் போடுவீங்க."

கடைசி அறை. சுத்தமாகப் பெருக்கியிருந்தது. கதவின் உள்பக்கம் வெறும் திருகாணித் துளைகள். தாழ்ப்பாளைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள்.