கம்பெனித் தாடை

மார்ச் 4

இன்று எனக்கு ஒரு ஆப்பிளைக் கொடுத்துச் சோதித்தார்கள். சோதித்தவர், ஐந்தாவது மாடி, அதாவது எங்கள் காப்பீட்டுக் கம்பெனியில் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற மாடி, அனுப்பிய டாக்டர். என் மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவில் சுண்டுவிரல் தாராளமாகப் போய் வரும். முன்பல்லால் ஒரு நூலைக்கூட அறுக்க முடியாது. கீழ்த்தாடை, பேருந்தில் இடம் பிடிக்க ஓடுகிறவளைப் போல முன்னால் போய் நிற்கிறது. கம்பெனியிடம் பணம் கேட்டிருக்கும் தாடை அறுவை சிகிச்சைக்குத் தயார் செய்ய ஒரு வருடமாகப் பல்லில் கம்பி. சம்பளத்தில் பாதி அந்தக் கம்பிக்கே போகிறது.

ஆப்பிளைக் கடைவாயில் திணித்து எப்படியோ ஒரு துண்டு பெயர்த்தேன்.

"சாப்பிட முடியுதே!" என்று குறித்துக்கொண்டார். மீதி ஆப்பிளை அவரே சாப்பிட்டார்.

மார்ச் 11

பதில் வந்துவிட்டது. "அழகு சார்ந்த சிகிச்சை. காப்பீட்டில் அடங்காது."

இரண்டாவது மாடியில் உட்கார்ந்து நாள் முழுக்க நான் போனில் சொல்கிற அதே வாக்கியம். என் அளவுக்கு இதைச் சொன்னவர்கள் இந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. கண்ணாடி முன் நின்று எனக்கே ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். கன்னத்தில் ஒன்று விடலாம் போலிருந்தது.

மார்ச் 12

ஊழியராகவே இருந்தாலும் ஆட்சேபம் இருந்தால் உதவி எண்ணுக்குத்தான் கூப்பிட வேண்டுமாம். சாப்பாட்டு இடைவேளையில், என் சீட்டில் இருந்தபடியே சொந்தப் போனில் கூப்பிட்டேன். பக்கத்து சீட்டு அண்ணனுக்குப் போய் விழுந்தது. எங்களுக்கு நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். அவர் குரல் போனில் வருவதற்கு முன்பே இந்தக் காதில் வந்துவிடுகிறது.

"வணக்கம். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். பேர் சொல்லுங்க மேடம்."

"அண்ணே, நான்தான்."

"பேர் சொன்னாத்தான் மேடம் பதிவு பண்ண முடியும்." தடுப்புக்கு மேலே தலையை நீட்டி, கண்ணாலேயே கூரையிலிருக்கும் கேமராவைக் காட்டினார்.

சொன்னேன். அவரும் அந்த வாக்கியத்தை வாசித்தார். "வேறு ஏதாவது உதவி வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டே, தன் டப்பாவிலிருந்த ரொட்டியின் ஓரத்தைப் பிய்த்துவிட்டு, மெத்தென்ற நடுப்பகுதியைத் தடுப்புக்கு மேலே நீட்டினார். நான் மென்றுகொண்டே மறுக்கப்பட்டேன்.

மார்ச் 23

வீட்டில் அப்பா முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இது அவருடைய தாடை. அச்சு அசல்.

"என் தாடைக்கு என்ன குறைச்சல்? இதை வெச்சுக்கிட்டு நான் கல்யாணம் பண்ணலையா, குடும்பம் நடத்தலையா?"

"அப்பா, எனக்குத் தலைவலி. தினமும். காதுகிட்ட கடக்கு கடக்குன்னு சத்தம்."

"எனக்கும்தான் கேக்குது. நான் யார்கிட்டயாவது சொன்னேனா?"

சொல்லியிருக்கலாமே அப்பா. யாரிடமாவது.

பெரியம்மா போனில் வந்தாள். "மாப்பிள்ளை பாத்தாச்சா? இல்லாம எதுக்குடி இவ்வளவு செலவு?" தாடையை வெட்டுவது மாப்பிள்ளைக்காக என்றால் எல்லோருக்கும் புரிகிறது. சாப்பிடுவதற்காக என்றால் சந்தேகப்படுகிறார்கள்.

ஏப்ரல் 15

மூன்றாவது மாடி கூப்பிட்டது. நாங்கள் போனில் பேசுவதைக் கேட்டு மதிப்பெண் போடும் மாடி அது. அங்கிருக்கும் மேடம் வருத்தமாகத்தான் சொன்னார். "உன் தாடை அமைப்பால உச்சரிப்பு தெளிவா இல்லம்மா. வாடிக்கையாளருங்க என்ன, என்னன்னு திரும்பத் திரும்பக் கேக்குறாங்க. இந்தத் தடவை ஊக்கத்தொகை கிடையாது."

"மேடம், இதை அப்படியே எழுதிக் கொடுப்பீங்களா?"

இப்படிச் சந்தோஷமாகத் தண்டனையை வாங்கிக்கொண்டவளை அவர் பார்த்ததில்லை போல. எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 16

ஐந்தாவது மாடி அதிகாரி அதை இரண்டு முறை படித்தார்.

"இது குரல் விஷயம். எங்களுக்கு வர்றது உடம்பு விஷயம்."

"குரல் எங்கிருந்து சார் வருது?"

"அது டாக்டரைக் கேக்க வேண்டிய கேள்வி."

"டாக்டர் ஆப்பிள் சாப்பிட்டுட்டுப் போயிட்டார் சார்."

"இங்க பாரும்மா. ஒரே கம்பெனி ரெண்டு விதமாப் பேசினா நல்லா இருக்காது. நாங்க பேசி சரி பண்றோம்."

சரி பண்றோம்! படிக்கட்டில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

மே 2

சரி பண்ணிவிட்டார்கள். என் உச்சரிப்புக்கு முழு மதிப்பெண். வெட்டிய ஊக்கத்தொகையும் திரும்ப வந்துவிட்டது. தாடையால் எந்தக் குறையும் இல்லை என்று இப்போது இரண்டு மாடிகளும் ஒன்றாகச் சொல்கின்றன.

படுபாவிகள்.

மே 19

முழு மதிப்பெண் வாங்கியது நான் ஒருத்திதானாம். அதனால் இந்த வருடத்தின் "தெளிவான குரல்" விருது எனக்கு. நான் விளையாட்டுக்கு எழுதவில்லை. கோப்பை உண்டாம். பக்கத்து சீட்டு அண்ணன் சிரித்துச் சிரித்துப் புரையேறி, வந்த அழைப்பை எடுக்க முடியாமல் திட்டு வாங்கினார்.

ஜூன் 6

விழா. தலைமை அலுவலகத்திலிருந்து பெரியவர் வந்திருந்தார். விருது வாங்குகிறவள் மேடையில் மாதிரிக்கு ஒரு அழைப்பு பேசிக் காட்ட வேண்டும். எனக்கு வந்த மறுப்பையே முழுசாகப் பேசினேன். விதி எண், பிரிவு எண், அழகு சார்ந்த சிகிச்சை, எல்லாம். மைக்கில் எச்சிலும் காற்றுமாகப் போயிற்று. ஐந்தாவது மாடி அதிகாரி முதல் ஆளாகக் கை தட்டினார். அவரைப் பார்த்து எல்லோரும்.

பெரியவர் கை தட்டவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். மைக் திறந்தே இருந்தது. "என்னய்யா சொல்லுது இந்தப் பொண்ணு? எனக்கு ஒரு எழவும் புரியலையே."

கைதட்டல் நடுவிலேயே நின்றது.

"முதல்ல அந்த வாயைச் சரிபண்ணிக் குடுங்கய்யா."

அவருக்கு என் மேல் இரக்கமா? இல்லை. மட்டமான மைக்கைக் கொடுத்திருந்தாலும் அதே குரலில்தான் சொல்லியிருப்பார்.

ஜூலை 1

ஐந்தாவது மாடி சொன்ன சொல்லை மாற்றாது. பெரியவர் சொன்னதையும் தட்ட முடியாது. கடைசியில் வழி கண்டுபிடித்தது மூன்றாவது மாடி மேடம்தான். செலவு "ஒலிக் கருவிகள் பராமரிப்பு" கணக்கில் போகிறது. ஹெட்செட் ரிப்பேர், நாற்காலிச் சக்கரம், என் தாடை.

மூன்று வருடத்துக்கு நான் வேலையை விடக் கூடாது. விட்டால் கருவியின் மதிப்பைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

கையெழுத்துப் போட்டேன். பின்னே? மானத்தையா மெல்ல முடியும்?

ஆகஸ்ட் 19

நாளை. வெட்டுக்கு இடைஞ்சலான ஞானப்பற்களைப் போன மாதமே பிடுங்கியாயிற்று. தாடை டாக்டர் என் மண்டையோட்டுப் படத்தில் பேனாவால் கோடு போட்டுக் காட்டினார், இங்கே வெட்டு, இங்கே வெட்டு, இங்கே தகடு. தச்சர் அலமாரியை விளக்குவது போல. பயமாக இருக்கிறது. அம்மா என் முகத்தைப் போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்து வைத்துக்கொண்டாள். எதற்கு என்று கேட்டால், "சும்மாடி" என்கிறாள்.

ஆகஸ்ட் 23

முகம் பூசணிக்காய். பல்லோடு பல்லை ரப்பரால் கட்டியிருக்கிறார்கள். பேச முடியாது. என்னை யாராலும் எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

ஆகஸ்ட் 31

எல்லாம் மிக்ஸியில் அரைத்துக் குழாயில். இன்று அப்பா தன் தட்டிலிருந்த சோற்றையும் முட்டையையும் என்னுடையதோடு சேர்த்துப் போட்டு அரைத்தார். இரண்டு டம்ளர். எதிரில் உட்கார்ந்து குடித்தார்.

"எனக்கும் இதுதான் சௌகரியமா இருக்கு" என்றார். கொஞ்சம் கழித்து, தலையைத் திருப்பிக்கொண்டு: "வலிக்குதா?"

அக்டோபர் 14

பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "பழைய மூஞ்சியே லட்சணமா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அழகு சார்ந்த சிகிச்சை!

நவம்பர் 3

மறுபடி வேலை. கருவிகளைக் கணக்கெடுக்க வந்தவர் ஹெட்செட்டில் ஒரு ஸ்டிக்கர், நாற்காலியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு, மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"இதை எங்கங்க ஒட்டுறது?"

அடையாள அட்டையில், என் பழைய படத்தின் மேல், தாடை இருக்கும் இடத்தில் ஒட்டினார்.

நவம்பர் 5

சட்டைக் கையில் ஒரு நூல் தொங்கியது. யோசிக்காமல் கடித்தேன். அறுந்துவிட்டது. கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடுத்த அழைப்பு வந்தது.

ஒரு அம்மா. அடுப்புத் தீயில் வெந்து, கழுத்துத் தோல் தோளோடு இழுத்துக்கொண்டது. தலையைத் திருப்ப முடியாது. ஐந்தாவது மாடி என்ன எழுதியிருந்தது என்று திரையைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். சொன்னேன். ஒவ்வொரு எழுத்தும் மணி மணியாக விழுந்தது. முன்பெல்லாம் "என்ன, என்ன" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்கும் வரையாவது அவர்களுக்கு ஏதோ நம்பிக்கை மிச்சமிருக்கும். அந்த அம்மா ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

"புரிஞ்சுதும்மா. ரொம்பத் தெளிவா சொன்னே" என்று வைத்துவிட்டார்.

அந்த அழைப்புக்கு மூன்றாவது மாடி முழு மதிப்பெண் போட்டது. இந்த முறை நிஜமாகவே.

அந்த அம்மாவின் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். மாட்டினால் வேலை போகும், தாடைக்கும் பணம் கட்ட வேண்டும். சாயங்காலம், கட்டடத்தை விட்டு இரண்டு தெரு தள்ளிப் போய், பேருந்து நிறுத்தத்தில் நின்று கூப்பிட்டேன்.

"யாரு?"

"நான்தாம்மா, காலையில தெளிவாப் பேசின பொண்ணு. கழுத்து திரும்பாததால நீங்க என்னென்ன வேலை செய்ய முடியலன்னு ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. அவங்க எந்த மாடியில மாட்டுவாங்கன்னு எனக்குத் தெரியும்."